வேப்பிலை எடுத்த பிறகு

"என்னை விட்டுருங்கம்மா. எனக்கு ஒண்ணுமே இல்லை" என்றார் வெள்ளியங்கிரி.

சாந்தநாயகி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களை யாரு பிடிச்சு வெச்சிருக்காங்கண்ணா? வாசல் திறந்துதானே கிடக்கு."

திறந்துதான் கிடந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல். பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதித்தாவது போயிருப்பார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் காலில் எறும்பு ஊறும். மனசு அடங்கட்டும் என்று இந்த மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. அடங்கினபாடில்லை.

குரு அவரைவிட இருபது வயசு இளையவள். ஒரு காலத்தில் பெரிய பரிசோதனைக்கூடம் ஒன்றில் நோய்க்கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து இங்கே கீரை ஆய்கிறாள். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மா என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறு. வெள்ளியங்கிரியின் அறையில் கூடப் படுத்திருந்த கதிரேசனுக்குப் போன அமாவாசைக்கு மறுநாள் அம்மை வார்த்துவிட்டது. உடம்பெல்லாம் முத்து. அவரைத் தனிக் குடிசைக்கு மாற்றி, வாசலில் வேப்பிலை செருகினார்கள். முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நேற்றுதான் வேப்பிலையை எடுத்தார்கள்.

"கதிரேசனே எந்திரிச்சு உட்கார்ந்து பல்லு விளக்குறான்! நான் என்னங்க பண்ணினேன்?" என்றார் வெள்ளியங்கிரி. "தண்ணி ஊத்தியாச்சு, வேப்பிலையும் எடுத்தாச்சு. ஆத்தா மலையேறிட்டா. அவ்வளவுதானே?"

"கதிரேசன்கிட்ட இருந்து போயிடுச்சு. சரி. எங்க போச்சுண்ணா?"

"போற இடத்துக்குப் போச்சு."

"அதைத்தான் கேக்குறேன்."

வெள்ளியங்கிரி வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். தோளில் மாட்டியிருந்த பை இடுப்பில் இடித்தது. உள்ளே கண்ணாடி வளையல் குலுங்கிற்று. அவர் சட்டென்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நாளைக்கு அவர் மகள் கோகிலவாணிக்கு வளைகாப்பு.

அவள் அவரோடு பேசி மூன்று வருஷம். கல்யாணத்தன்று தாலி ஏறின பிறகு லாரியில் வந்து இறங்கிய அப்பனிடம் எந்தப் பெண்தான் பேசுவாள்? அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்படிப்பட்டவள் போன வாரம் தானாகப் போன் பண்ணினாள். "ஏழாம் மாசம். வளைகாப்பு வெச்சிருக்காங்க. பொறந்த வீட்டு வளையல்னு கொண்டுவர ஆள் இல்லை. வந்தா வாங்க."

அவ்வளவுதான். அப்பா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'வந்தா வாங்க'வை அவர் ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தார். அன்றைக்கே கடைவீதிக்கு ஆள் அனுப்பி, பச்சையும் சிவப்பும் வாங்கி வைத்துவிட்டார்.

"இப்ப நான் போகலைன்னா, வழக்கம்போல அப்பன் ஏமாத்திட்டான்னு முடிவு பண்ணிருவாளுங்கம்மா. அதோட சரி. அப்புறம் அவ வீட்டு வாசலை என் சாவுக்குக்கூடத் திறக்க மாட்டா."

"ம்."

"நீங்க சொல்ற கிருமின்னா பூச்சிதானே? ஒரு மாத்திரையைக் குடுங்க. போன தடவை என் கால் புண்ணு சீழ் பிடிச்சப்போ ரெண்டு கலர்ல ஒரு மாத்திரை குடுத்தீங்களே, அதைப் போட்டுக் கொன்னுட்டுப் போறேன்."

"அது உயிரோட இருக்கிற பூச்சியைக் கொல்ற மாத்திரை. இது தின்னாது. மூச்சு விடாது. தனியா விட்டா வளராது, குட்டி போடாது. இதை எப்படிக் கொல்றது?"

"அப்ப செத்ததுங்களா?"

"செத்தது எப்படிண்ணா கதிரேசனைப் பதினஞ்சு நாள் படுக்கையில போடும்?"

"உயிர் இருக்கா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

அம்மா ஒரு தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள்.

வெள்ளியங்கிரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் உடம்பு எனக்குத் தெரியாதா? காய்ச்சல் இல்லை. ஒரு கொப்புளம் இல்லை. முப்பது வருஷத்துல தார்ப்பாயைத் தூக்கி லோடு என்னன்னு பார்க்காம ஒரு நாள் வண்டியை எடுத்தவன் இல்லைங்க நான். தெரியாத சரக்கை ஏத்திட்டுப் போற ஆளா நானு?"

அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குள் போனாள்.

திரும்பி வரும்போது கையில் சமையல்கட்டில் எழுதி மாட்டும் பலகை இருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"போறதுதான் போறீங்க. போறதுக்கு முன்னாடி இதை ஆணியில மாட்டிட்டு வந்துருங்க."

அதற்கென்ன என்று வாங்கிக்கொண்டு போனார். அடுப்படியில் ஆணியில் மாட்டினார். துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பியும் பாராமல் வந்துவிட்டார். வளைகாப்புக்குப் போகும் பஸ்ஸைப் பற்றியே நினைப்பு.

அந்தப் பலகை சாதாரணப் பலகை இல்லை. சமையல்காரர் சாமியப்பனுக்கு விடிந்ததிலிருந்து உச்சிவேளை மணி அடிக்கும்வரை மௌனம். பேசவும் மாட்டார், யார் பேசினாலும் காதில் வாங்கவும் மாட்டார். பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதைச் செய்வார். ஏன் எதற்கு என்பது கிடையாது. ஒருமுறை யாரோ 'இன்னும் உப்பு' என்று எழுதிவிட்டு அழிக்க மறந்துபோனார்கள். மறுநாள் ரசத்தை மாடுகூடக் குடிக்கவில்லை.

அம்மா மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உட்காருங்கண்ணா. பஸ்ஸுக்குத்தான் நேரம் இருக்கே."

உட்கார்ந்தார். எழுந்தார். போனை எடுத்துப் பார்த்தார். பையைத் திறந்து வளையல்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை.

உள்ளேயிருந்து சப்பாத்தி வாசனை வந்தது.

பரவாயில்லையே, இன்றைக்குச் சப்பாத்தியா என்று நினைத்துக்கொண்டார்.

வாசனை நிற்கவில்லை. புகையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆள் ஒருவர் ஓடிவந்தார்.

"அம்மா! சாமியப்பண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு! கொஞ்சம் வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தார்கள்.

அடுப்படி முழுக்கச் சப்பாத்தி. கூடையில், தாம்பாளத்தில், கவிழ்த்த அண்டாமேல், ஜன்னல் விளிம்பில். சாமியப்பன் வேர்த்து ஒழுக ஒன்றைச் சுட்டுப் போட்டார். பலகையைப் படித்தார். பக்கத்து அடுப்புச் சுவரில் கரியால் என்னவோ எழுதினார். மறுபடி பலகையைப் படித்தார். அடுத்த சப்பாத்தியைத் தேய்க்க ஆரம்பித்தார். அரிசி களையாமல் கிடந்தது. பருப்பு வேகாமல் கிடந்தது. பக்கத்து அடுப்பில் நின்ற அவருடைய உதவியாள் பாக்கியமும் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். சாமியப்பன் மௌனத்தில் இருக்கும்போது எதிர்க்கேள்வி கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை.

வெள்ளியங்கிரி பலகையைப் படித்தார்.

'ஒரு சப்பாத்தி சுடவும். இதை அடுத்த அடுப்புச் சுவரில் எழுதவும். பிறகு மறுபடி இதைப் படிக்கவும்.'

"அடக் கடவுளே!" என்றார். "யாருங்க இந்த அக்கிரமத்தை எழுதுனது?"

"நான்தான்" என்றாள் அம்மா. "சொல்லுங்க. இந்தப் பலகைக்கு உயிர் இருக்கா?"

"பலகைக்கு ஏதுங்க உயிர்? அது பாட்டுக்கு ஆணியில தொங்குது."

"அப்ப இதெல்லாம் யார் சுட்டது?"

"சாமியப்பன்."

"யார் மாவு?"

"நம்ம மாவு. நம்ம அடுப்பு, நம்ம விறகு. ஒரு வாரத்து மாவு போச்சு!"

"பலகை என்ன குடுத்துச்சு?"

"ஒண்ணும் குடுக்கலை. எழுத்து மட்டும்தான்."

அவர் கண் சுவருக்குப் போயிற்று. கரிக்கோட்டில் எழுத்து வரிவரியாக இறங்கியிருந்தது. மேலே 'ஒரு சப்பாத்தி' என்று இருந்தது, கீழே வரவர 'இரு சப்பாத்தி' ஆகியிருந்தது. பாக்கியம் இரண்டிரண்டாகச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்னங்க, மாறிப்போச்சு?"

"அவசரத்துல பார்த்துப் பார்த்து எழுதினா அப்படித்தான் மாறும். சிலது மாறினதும் உருப்படாமப் போயிரும். சிலது முன்னைவிட வேகமா ஓடும்."

அம்மா ஒரு சூடான சப்பாத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பலகைக்குக் கால் இருக்காண்ணா?"

"இல்லை."

"பின்ன என் அறையில இருந்து இங்க எப்படி வந்துச்சு?"

வெள்ளியங்கிரி பலகை தொங்கிய ஆணியைப் பார்த்தார்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்லைங்கம்மா" என்றார் கடைசியில். "மேல துண்டு போர்த்தியிருந்துச்சே!"

அந்தத் துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

உச்சிவேளை மணி அடித்தது.

"மாவு தீர்ந்துபோச்சு" என்றார் சாமியப்பன். காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் போலும்.

*

அதற்கப்புறமும் வெள்ளியங்கிரிக்கு மனசு ஆறவில்லை. மகள் விஷயம் அல்லவா? முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார்.

"எனக்குள்ள இருக்குன்னு நிச்சயமா சொல்லுங்க, நான் போகலை."

"நிச்சயமா தெரியாது."

"அப்ப இல்லைன்னு சொல்லுங்க."

"அதுவும் தெரியாது. முத்து வெளிய வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது அடுத்தவங்களுக்குப் போகும். கதிரேசனுக்கு முத்து வர்றதுக்கு முந்தின ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?"

பக்கத்துப் பாயில். ஒரே போர்வைக்கு இரண்டு பேரும் சண்டைகூடப் போட்டார்கள்.

"உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"இல்லைங்க. எங்கம்மா சொல்லிட்டே இருப்பா, உன்னை மட்டும் ஆத்தா தொடலைன்னு."

"கோகிலவாணிக்கு?"

அவர் நின்றுவிட்டார்.

"வந்திருந்தா அந்தப் பொண்ணுக்குப் பயமில்லை. ஒரு தடவை பார்த்த கையெழுத்தை உடம்பு மறக்காது. பார்த்ததும் அழிச்சிரும். சொல்லுங்கண்ணா, வந்திருக்கா?"

தெரியவில்லை. பெற்ற மகளுக்கு அம்மை வந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. நாக்பூர் போகும் வழியில் எந்தெந்த ஊரில் நல்ல டீ கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இது தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

போனை எடுத்தார். மகள் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க" என்றாள் மகள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், பெண்கள் சிரிக்கும் சத்தம்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். உனக்குச் சின்னதுல அம்மை வந்திருக்கா?"

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. தனியாக எங்கோ நகர்ந்து போகிறாள்.

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லு சாமி."

"வந்துச்சு. ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப." குரல் இறுகியது. "லாரி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. எந்திரிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியும் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வந்தேன். நீங்க வாசல்ல வேப்பிலையைப் பார்த்தீங்க. அப்படியே திரும்பி வண்டியில ஏறிட்டீங்க. ஞாபகம் இல்லையா?"

இப்போது ஞாபகம் வந்தது. வெங்காய லோடு அழுகிப்போகும் என்று தெருவில் நின்றபடியே மனைவியிடம் சொன்னார். வண்டி காலி. வெங்காயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இங்கே ஆசிரமத்தில் அம்மை என்பதையும், தன் பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான் வந்தது என்பதையும் எப்படியோ சொல்லி முடித்தார்.

"எனக்குத்தான் வந்துபோச்சே. எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க வாங்க" என்றாள் கோகிலவாணி. கொஞ்சம் இறங்கிய குரல்.

வெள்ளியங்கிரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தாள். வாசல் திறந்து கிடந்தது.

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது. பையைத் தோளில் மாட்டினார். செருப்பில் கால் நுழைத்தார். "இதோ கிளம்பிட்டேன் கண்ணு. சாயங்கால பஸ்ஸுக்கே..."

போனில் ஒரு குழந்தை வீறிட்டது.

"அது யாரு?"

"நாத்தனார் குழந்தை. பொறந்து ஒரு மாசம்கூட ஆகலை. என் வளைகாப்புன்னு பச்சை உடம்போட வந்திருக்கா."

ஒரு செருப்பு காலில், ஒன்று தரையில்.

"அவங்களுக்கு அம்மை வந்திருக்கா? கேட்டுச் சொல்லு."

அவள் கேட்கும் சத்தம் கேட்டது. "இல்லையாம். ஏன்?"

வெள்ளியங்கிரி தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். பலகையை மாட்டிவிட்டு வந்ததிலிருந்து அதை எடுக்கவே இல்லை.

"கண்ணு, நான் வரலை."

"என்ன?"

"நான் வரக்கூடாது."

"தெரியும்!" அவள் கத்தினாள். "எனக்குத் தெரியும். அன்னைக்கும் வேப்பிலை, இன்னைக்கும் வேப்பிலையா? மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

"அன்னைக்கு எனக்கு ஒட்டிக்குமோன்னு ஓடினேன் சாமி. இன்னைக்கு என்னால ஒட்டிக்குமோன்னு நிக்கிறேன். அன்னைக்கு உங்கம்மாகிட்ட வெங்காயம்னு சொன்னது பொய். இது பொய் இல்லை."

அவள் போனை வைத்துவிட்டாள்.

*

அம்மா ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"வளையலை இதுல போடுங்க."

"இனி எதுக்குங்க அது? அவதான் போனை வெச்சுட்டாளே."

"போடுங்கண்ணா."

போட்டார். பச்சையும் சிவப்பும் நுரைக்குள் இறங்கின.

"இந்தக் கிருமிக்கு மேல மெல்லிசா ஒரு கொழுப்புச் சட்டை. சோப்புப் பட்டா சட்டை கரைஞ்சிரும். அப்புறம் எழுத்து இருந்தாலும் மாட்டறதுக்கு ஆணி கிடைக்காது." அலசி வெயிலில் பரப்பினாள். பிறகு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். "சாமியப்பண்ணா!"

சாமியப்பன் வந்தார். மூக்கிலும் நெற்றியிலும் பழைய அம்மைத் தழும்புகள். புதுத் துணியில் முடிந்த வளையலை வாங்கிக்கொண்டார். கோகிலவாணியின் ஊர்ப் பெயரை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு தூக்குவாளி நிறையச் சப்பாத்தியையும் எடுத்துக்கொண்டார், வழியில் தின்ன.

வெள்ளியங்கிரி வாசல்வரை போகவில்லை. தூரத்திலேயே நின்று கும்பிட்டார்.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. வளையலை வாங்கினாளோ, திருப்பி அனுப்பினாளோ. புரண்டு புரண்டு படுத்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். உடம்பு கணகணவென்று இருந்தது. கவலையில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

விடிந்ததும் சட்டையைக் கழற்றினார். நெஞ்சில் நீர்கோத்து ஒன்று. விலாவில் இரண்டு.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் எட்டி ஒரு கொத்து ஒடித்தார். தன் அறை வாசலில் தானே செருகினார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மதியம் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தார். தூரத்தில் பெண்கள் பாடுகிறார்கள். பக்கத்தில், காதுக்கு வெகு பக்கத்தில், கண்ணாடி வளையல்கள் குலுங்கின. நின்றன. மறுபடி குலுங்கின.

"கேக்குதாப்பா?"